நாற்பத்தைந்து பேரைக் காணவில்லை

டமால்!

அந்த ஆறு மாடிக் கட்டடத்தின் ஆறு மாடிகளுக்கும் சத்தம் கேட்டது. தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் இருந்த சின்ன அறையில் உட்கார்ந்திருந்த கட்டட மேலாளர், வெடித்தது தண்ணீர்த் தொட்டியா, தன் தலையெழுத்தா என்று புரியாமல் வெளியே ஓடிவந்தார்.

ஐந்தாம் மாடி வக்கீல் லிப்ட் கதவை உதைத்துவிட்டு, உதைத்த காலைக் கையில் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்றிருந்தார். பக்கத்தில் அவருடைய கட்சிக்காரர், யார் யாரை உதைத்தாலும் தனக்குச் சம்பந்தமில்லை என்ற முகத்தோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார் இது? அந்தக் கதவு உங்களை என்ன பண்ணிச்சு?"

"ஒண்ணுமே பண்ணல. அதான்யா உதைச்சேன்!"

"இப்ப வந்துடும் சார்."

"இந்த 'இப்ப'வை எத்தனை நாளா சொல்லிட்டிருக்கீங்க? இவர் நேத்துதான் ஜாமீன்ல வெளியே வந்தாரு. இங்க நிக்கிற நேரத்துக்கு உள்ளேயே இருந்திருக்கலாம்னு வருத்தப்படறாரு."

கட்சிக்காரர் கூரையிலிருந்து பார்வையை இறக்கினார். "அங்க உக்கார இடமாவது இருந்திச்சு."

லிப்ட் வந்தது. கதவு திறந்தது. வக்கீல் நொண்டிக்கொண்டே உள்ளே போனார். கதவு மூடியதும் மேலாளரின் சட்டைப்பையில் கைபேசி அலறியது. முதலாளியம்மா.

கட்டடத்தின் சொந்தக்காரியான அந்த அம்மாள் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார். எவ்வளவு மெதுவாகப் பேசுகிறாரோ அவ்வளவு ஆபத்து. இன்று குரலே சரியாகக் கேட்கவில்லை.

"மூணாவது மாடி பல் டாக்டர் போன் பண்ணினார். அவரை முந்திக்கிட்டு வக்கீல் பண்ணினார். ரெண்டு பேரும் லிப்டைப் பத்தித்தான். வெள்ளிக்கிழமை சாயந்திரம் நானே வர்றேன். எல்லாரையும் நிக்க வச்சுக் கேப்பேன். லிப்டைப் பத்தி ஒரே ஒருத்தர் வாயைத் திறந்தாலும், சனிக்கிழமையிலேர்ந்து உன் நாற்காலியில வேற ஆள்."

"மேடம், லிப்டுக்கு வயசாயிடுச்சு. புதுசு போட்டுட்டா..."

"புது லிப்டை விடப் புது மேலாளர் மலிவு."

தொடர்பு அறுந்தது.

நாற்காலி போனால் போகட்டும் என்று மேலாளர் இருந்துவிடுவார். ஆனால் மொட்டை மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாக இருந்த வீடு அந்த நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நாற்காலி போனால் வீடும் போகும். மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது விஷயத்தை மெல்ல மனைவியிடம் அவிழ்த்தார்.

"வீட்டைக் காலி பண்ணிட்டு எங்க போறதாம்?" என்றாள் மனைவி.

"கொஞ்ச நாளைக்கு என் அண்ணன் வீட்டுல..."

"உங்க அண்ணி கூடவா? அதுக்கு நான் அந்த லிப்டுலயே அடுப்பு வச்சுக் குடித்தனம் நடத்துவேன்."

"நான் என்னடி பண்றது? ரெண்டு நிமிஷம் நின்னா இருபது நிமிஷம் நின்னேன்னு சொல்றாங்க. ஜனங்களுக்கு வாய் நீளம்."

"அப்ப அளந்து காட்டுங்க."

"வாயையா?"

"நேரத்தை!"

மேலாளர் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை அப்படியே நிறுத்தினார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மனைவி சொன்ன ஒரு யோசனை அவருக்கு உடனே பிடித்துப்போனது அதுதான் முதல் தடவை. அதனால்தானோ என்னவோ, அது அவரை எங்கே கொண்டுபோய் விடும் என்று அவர் யோசிக்கவில்லை.

லிப்ட் எதிரே ஸ்டூலைப் போட்டுக் கடிகாரமும் கையுமாக உட்கார்ந்தார். பொத்தானை அமுக்கியவர் எத்தனை நிமிடத்தில் உள்ளே ஏறுகிறார் என்று குறித்தார். செவ்வாய்க்கிழமை முடிவதற்குள் இருநூறு பேரை அளந்துவிட்டார்.

அறுபது பேர் ஒரு நிமிடத்துக்குள் ஏறிவிட்டார்கள். ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் நின்றவர்கள் ஐம்பது பேர். இரண்டிலிருந்து நான்கு நிமிடம் நின்றவர்கள் நாற்பது பேர். அதுவரைக்கும் கணக்கு கச்சிதம். நான்கு நிமிடம் ஆகியும் லிப்ட் வராவிட்டால், நின்றவர்களுக்கு முன்னால் மேலாளருக்குப் பொறுமை போய்விடும். எதிரிலிருந்த டீக்கடைக்குப் போய்விடுவார். டீ குடித்து, கடைக்காரரோடு நாலு வார்த்தை பேசித் திரும்பப் பத்து நிமிடம் ஆகும். வந்து பார்த்தால் நின்றவர்கள் ஏறிப் போயிருப்பார்கள். ஐந்தாவது நிமிடத்தில் ஏறினார்களா, பதின்மூன்றாவது நிமிடத்தில் ஏறினார்களா என்பது லிப்டுக்குத்தான் வெளிச்சம். அப்படிப்பட்ட ஐம்பது பேரையும் சேர்த்து, 'நான்கிலிருந்து பதினான்கு நிமிடம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்.

ஆனால் இருநூறில் நூற்றுப்பத்துப் பேர் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்கவே இல்லை! மேலாளருக்கு ஸ்டூலின் மேல் ஏறி ஆடவேண்டும் போலிருந்தது. ஸ்டூலின் வயதை நினைத்து விட்டுவிட்டார்.

பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருந்தான் மனைவியின் தம்பி. அவனிடம் ஓடினார்.

"மாப்ளே, இதைப் பெரிய எழுத்துல அடிச்சுக் கொடு. லிப்ட் பக்கத்துல மாட்டணும்."

"எழுத்துல போட்டா எவன் மாமா படிப்பான்? படமாப் போடணும். ஹிஸ்டோகிராம்னு ஒண்ணு இருக்கு. ஸ்கூல்ல படிச்சிருக்கேன்."

"நீ கணக்குல பெயில் ஆனவனாச்சேடா?"

"பெயில் ஆனேன். படிக்கலன்னு யார் சொன்னா?"

மைத்துனன் கணினி முன்னால் உட்கார்ந்து விரலைச் சொடுக்கிக்கொண்டான்.

"ரொம்ப சுலபம் மாமா. எத்தனை நிமிஷமோ அத்தனை அகலம். எத்தனை பேரோ அத்தனை உயரம். ரெண்டையும் கொடுத்துட்டோம்னா எவனும் குத்தம் சொல்ல முடியாது."

புதன்கிழமை காலை படம் லிப்டுக்குப் பக்கத்துச் சுவரை நிறைத்துக்கொண்டு தொங்கியது.

ஒரு நிமிடத்துக்குள் ஏறிய அறுபது பேர் இடது ஓரத்தில் தீக்குச்சி மாதிரி நின்றார்கள். பக்கத்தில் இன்னொரு தீக்குச்சி. அதற்கடுத்து ஒரு சின்னப் பெட்டி. அதன்பின் சுவர் முழுக்கச் சிவப்பு. நான்காவது நிமிடத்தில் ஆரம்பித்துப் பதினான்காவது நிமிடம் வரைக்கும் ஐம்பது பேர் உயரத்துக்கு எழும்பி நின்ற செக்கச் சிவந்த கோட்டைச் சுவர்.

"சிவப்பு எதுக்குடா?" என்று போனில் கேட்டார் மேலாளர்.

"சிவப்பு மை மிச்சம் இருந்திச்சு மாமா."

முதலில் வந்தவர் பல் டாக்டர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "மேலாளரே, பேஷண்டுகளைப் பயமுறுத்த நான் ஒருத்தன் மேல இருக்கேன். கீழே நீங்க வேற எதுக்கு?"

"டாக்டர், நல்லாப் பாருங்க, பாதிக்கு மேல ரெண்டே நிமிஷம்தான்..."

"எங்க? இந்தக் குச்சியா? இந்தச் சிவப்பைப் பாத்தா ஊரே பதினாலு நிமிஷம் இங்க நிக்குதுன்னு இல்ல தெரியுது!"

வக்கீல் வந்தார். கால் கட்டோடு வந்தார். படத்தைப் பார்த்ததும் அவர் முகம், தேடிக்கொண்டிருந்த சாட்சி தானாகவே கூண்டில் ஏறியது போல மலர்ந்தது.

"இதைத்தான் நான் வாய் வலிக்கச் சொல்லிட்டிருந்தேன். நீங்களே எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டீங்க. ரொம்ப நன்றி." கைபேசியை எடுத்துப் படத்தை நாலு கோணத்தில் படம்பிடித்தார்.

மேலாளருக்கு வியர்த்தது. தன் கணக்கில் ஒரு பொய்கூட இல்லை. அளந்ததைத்தான் போட்டிருந்தார். ஆனாலும் படம் அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

ஆறாம் மாடியில் டியூஷன் சென்டர் நடத்தும் கணக்கு டீச்சர் அப்போதுதான் உள்ளே வந்தாள். படத்தின் முன்னால் நின்றவள் கையிலிருந்த பையை நழுவவிட்டாள்.

"ஐயோ, எவ்வளவு அழகான தப்பு! பதினஞ்சு வருஷமா பசங்ககிட்ட இதைப் பண்ணாதீங்கன்னு சொல்லிட்டிருக்கேன். முழு சைசுல நேர்ல இப்பதான் பாக்கறேன்."

"என்ன டீச்சர் தப்பு? அகலம் சரி, உயரம் சரி."

"தனித்தனியா சரி. சேந்து இருக்கிறதுதான் தப்பு. பிரிவு எல்லாம் ஒரே அகலமா இருந்தா நீங்க பண்ணினது செல்லும். இங்க ஒண்ணு ஒரு நிமிஷ அகலம், ஒண்ணு பத்து நிமிஷ அகலம். ஹிஸ்டோகிராம்ல ஆளுங்க உயரத்துல இல்ல சார், பரப்புல இருக்காங்க."

"பரப்புலயா?"

"ஒரு நிமிஷத்தை ஒரு பெஞ்சுன்னு வச்சுக்கோங்க. கடைசியில பத்து பெஞ்சு இருக்கு. ஐம்பது பேர் உக்காரணும். பெஞ்சுக்கு எத்தனை பேர்?"

"அஞ்சு."

"நீங்க பெஞ்சுக்கு ஐம்பது பேரை ஏத்தியிருக்கீங்க. பத்து பெஞ்சுக்கு மொத்தம் எத்தனை?"

"ஐ... ஐந்நூறு."

"ஐம்பது பேரை ஐந்நூறு பேராக் காட்டியிருக்கீங்க. அந்த எண்ணிக்கையைப் பிரிவோட அகலத்தால வகுத்துட்டு, வர்றதை உயரமாப் போடுங்க. ஐம்பதைப் பத்தால வகுத்தா அஞ்சு. நாற்பதை ரெண்டால வகுத்தா இருபது. முதல் ரெண்டும் ஒரு நிமிஷம்தானே, அப்படியே அறுபது, ஐம்பது. அவ்வளவுதான்."

"ஐந்நூறு பேரா!" என்று பின்னாலிருந்து வக்கீலின் குரல் வந்தது. டீச்சர் சொன்னதில் அவர் காதில் விழுந்தது அது ஒன்றுதான். மத்தியானத்துக்குள் கட்டடம் முழுக்க, லிப்டுக்காக ஐந்நூறு பேர் தவித்ததாகவும் மேலாளர் அதை ஐம்பது என்று மறைத்ததாகவும் பேச்சு பரவிவிட்டது.

மேலாளர் மறுபடி மைத்துனன் கடைக்கு ஓடினார்.

வியாழக்கிழமை காலை புதுப் படம் வந்தது. இந்தத் தடவை எல்லாம் டீச்சர் சொன்ன மாதிரி. இடது பக்கம் இரண்டு கோபுரங்கள் நிமிர்ந்து நின்றன. பக்கத்தில் ஒரு திண்டு. நேற்றைய சிவப்புக் கோட்டை இருந்த இடத்தில், தரையோடு தரையாக ஒரு பாய் விரித்திருந்தது. பார்த்தவுடனே நல்ல சேதி சொல்லும் படம். யாரும் குழம்பிவிடக் கூடாதே என்று மேலாளர் தன் கைப்படவே ஓர் அட்டையில் எழுதி மேலே தொங்கவிட்டார்: 'உயரத்தைப் பார்க்காதீர்கள். பரப்பை மட்டும் பாருங்கள்.'

வக்கீல் அட்டையைப் படித்தார். படத்தைப் பார்த்தார். கைபேசியில் நேற்றைய படத்தைப் பார்த்தார்.

"பார்க்காதீர்கள்னா? எதைப் பாக்கக்கூடாது? எதை மறைக்கறீங்க?"

"ஒண்ணும் மறைக்கல சார். நேத்து போட்டது தப்பு. இன்னிக்குத் திருத்திட்டோம்."

"நேத்து இந்த இடத்துல ஐம்பது பேர் உயரம். இன்னிக்கு அஞ்சு பேர் உயரம். மிச்சம் நாற்பத்தஞ்சு பேர் எங்க?"

"எல்லாரும் இங்கதான் சார் இருக்காங்க. படுத்துட்டாங்க."

"படுத்துட்டாங்களா?"

"அதாவது... பரவிட்டாங்க."

"உயிரோட இருக்காங்களா?"

"சார்!"

"நான் சட்டப்படி கேக்கறேன். நாற்பத்தஞ்சு பேர் லிப்டுக்குக் காத்திருந்ததுக்கு என்கிட்ட ஆதாரம் இருக்கு. ராத்திரியோட ராத்திரியா காணாமப் போயிருக்காங்க. ஆட்கொணர்வு மனு போடப் போறேன்."

டீச்சர் வந்து பெஞ்சுக் கணக்கை மறுபடி சொல்லிப் பார்த்தாள். வக்கீல் குறுக்கு விசாரணை செய்தார். "நீங்க சொல்ற பெஞ்சு இந்தக் கட்டடத்துல எங்க இருக்கு?" "அது உதாரணம் சார்." "அப்ப இல்லாத பெஞ்சுல ஐம்பது பேரை உக்கார வச்சிருக்கீங்க." டீச்சர், பதினைந்து வருடத்தில் இப்படி ஒரு மாணவனைத் தான் பார்த்ததில்லை என்று சொல்லி, மேலே போய் ஒரு தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் எதிர் டீக்கடையில் சேதி வேறு உருவம் எடுத்திருந்தது. அந்தக் கட்டடத்து லிப்டில் ஏறிய நாற்பத்தைந்து பேர் இறங்கவே இல்லையாம். டியூஷன் பிள்ளைகளின் பெற்றோர் டீச்சருக்குப் போன்மேல் போன் போட்டார்கள். பல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்த மூன்று பேர், பல் வலியே தேவலை என்று வராமல் இருந்துவிட்டார்கள்.

முதலாளியம்மாவின் போன் வந்தபோது மேலாளர் கைபேசியைக் காதோடு அழுத்தி, மூச்சை நிறுத்திக்கொண்டுதான் கேட்கவேண்டியிருந்தது.

"கணக்கைத் திருத்தினியாமே?"

"திருத்தல மேடம். சரி பண்ணினேன்."

"முதல்ல புகார் லிப்ட் மேலதான் இருந்திச்சு. இப்ப உன் மேலயும் இருக்கு. நாளைக்குச் சாயந்திரம் வர்றேன். நான் சொன்னது ஞாபகம் இருக்கில்ல? லிப்டைப் பத்தி ஒரே ஒருத்தர்."

மனைவி பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்ட ஆரம்பித்தாள். அவள் திட்டியிருந்தால் மேலாளருக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

"இவங்களுக்குப் பரப்பு புரியாது மாமா," என்றான் அன்று இரவு கடையில் மைத்துனன். "பரப்புல ஆளுங்க இருக்காங்கன்னு டீச்சர் சொன்னாங்கல்ல? அப்ப ஆளையே போட்டுடுவோம். ஒரு ஆளுக்கு ஒரு தலை. எல்லாத் தலையும் ஒரே சைசு. இருநூறு தலை. கோபுரத்துல அறுபது தலை, ஒண்ணு மேல ஒண்ணு. பாயில ஐம்பது தலை, அஞ்சு வரிசையா, வரிசைக்குப் பத்து. எண்ணிப் பாத்துக்கட்டும். நாற்பத்தஞ்சு பேர் எங்கன்னு எவன் கேப்பான்?"

மேலாளர் அவனைக் கட்டிக்கொண்டார். அந்த நிமிடத்தில் கட்டிக்கொண்டதை அவர் பிறகு நினைத்து நினைத்து வருந்தினார். ஏனென்றால் 'தலைக்கு எங்கே போவாய்?' என்று அவர் கேட்கவில்லை.

விடிந்ததும் கடைக்குப் போய்ச் சுருட்டி வைத்திருந்த பேனரை வாங்கிக்கொண்டு, பிரித்துப் பார்க்கக்கூட நேரமில்லாமல் ஓடிவந்து, கட்டடத்தில் ஆள் நடமாட்டம் தொடங்கும் நேரத்துக்கு மாட்டி, நாலு மூலையிலும் பட்டை பட்டையாக டேப் ஒட்டினார். பிறகு இரண்டடி பின்னால் வந்து பார்த்தார்.

முதல் கோபுரத்தின் உச்சியிலிருந்து பல் டாக்டர் அவரைப் பார்த்து முறைத்தார்.

போன வருடம் கட்டடத்தில் வேலை பார்க்கும் எல்லாருக்கும் அடையாள அட்டை அடித்துக்கொடுத்தது மைத்துனன் கடைதான். அந்தப் புகைப்படங்கள் அத்தனையும் கணினியில் இருந்தன. அத்தனையையும் எடுத்து ஒட்டிவிட்டான்.

"அடப்பாவி!" என்று போனில் கத்தினார்.

"தெரிஞ்ச முகமா இருந்தா நம்புவாங்கல்ல மாமா? ஆனா ஒண்ணு, தலை பத்தல. அதனால சில பேரை ரெண்டு மூணு தடவை போட்டிருக்கேன். அப்பவும் பத்தாம அக்காவோட கல்யாண போட்டோவையும் போட்டேன்."

அன்றைக்கு அந்தத் தரைத்தளம் பட்ட பாட்டை எதற்கும் உவமை சொல்ல முடியாது. உள்ளே வந்தவர்கள் லிப்ட் பொத்தானை அமுக்கினார்கள். பக்கத்துச் சுவரைப் பார்த்தார்கள். அவ்வளவுதான். தங்கள் தலையைத் தேட ஆரம்பித்தார்கள். கண்டுபிடித்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். கண்டுபிடிக்க முடியாதவர்கள் அதைவிடப் பெரிய சண்டைக்கு வந்தார்கள்.

"என் நர்ஸ் மூணு தடவை இருக்கா. நான் ஒரு தடவைதான் இருக்கேன். கிளினிக் யாருது?" என்று பல் டாக்டர் கேட்டார். கேட்டுவிட்டு, காத்திருந்த பேஷண்டின் கையைப் பிடித்து விறுவிறுவென்று படியேறினார். பேஷண்ட், வலி தன் வாயில்தான் என்று சொல்ல முயன்றபடியே பின்னால் இழுபட்டுப் போனார்.

வக்கீல் தன் தலையைப் பாயில், பதின்மூன்றாவது நிமிடத்தில், அடி வரிசையில் கண்டுபிடித்தார். அவர் தலைமேல் நாலு தலைகள் ஏறி உட்கார்ந்திருந்தன.

"என்னை எதுக்கய்யா பதின்மூணாவது நிமிஷத்துல வச்சே? உதைச்சதுக்குப் பழி வாங்கறியா? என்னைக் கோபுரத்துக்கு மாத்து!"

"மாத்த முடியாது சார். உங்களை அங்க மாத்தினா பாயில ஒரு ஆள் குறையும். கணக்கு தப்பாயிடும்."

"என் மானம் போறதைவிடக் கணக்கு பெரிசா?" வக்கீல் கட்டுப்போட்ட காலையும் மறந்து, இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே போனார். பத்து நிமிடத்தில் கேமராவோடு திரும்ப இறங்கி வந்தார்.

கணக்கு டீச்சருக்கு மட்டும் அன்று திருவிழா. "பரப்பே கண்ணுக்குத் தெரியுது சார்! இதைவிட நல்ல பாடம் கிடைக்காது!" என்று வகுப்பையே கலைத்து, மாணவர் பட்டாளத்தை ஆறு மாடியும் அதிரப் படியிறக்கிக் கூட்டிவந்தாள். பிள்ளைகள் விரல் வைத்து எண்ணினார்கள். அறுபது. ஐம்பது. நாற்பது. நாற்பத்தொன்பது.

"மிஸ், ஒரு தலை குறையுது."

மேலாளருக்குத் தன் தலையே குறைந்தது போலிருந்தது.

"ஆஹா!" என்றார் வக்கீல். "நாற்பத்தஞ்சு பேர் கிடைச்சாச்சு. அந்த ஒருத்தன் எங்க?"

திரும்ப எண்ணினார்கள். வேறு வேறு ஆட்கள் எண்ணினார்கள். இடமிருந்தும் வலமிருந்தும் எண்ணினார்கள். மூன்றாம் மாடியும் ஐந்தாம் மாடியும் வேலையை விட்டுவிட்டுக் கீழே வந்து எண்ணின. நூற்றுத் தொண்ணூற்றொன்பது. காணாமல் போனவர் ஆணா பெண்ணா, எந்த மாடி, கடைசியாக அவரைப் பார்த்தது யார் என்று பேச்சு வளர்ந்தது. யாருமே பார்த்திராத அந்த ஆளுக்காக டீக்கடைக்காரர் கண்கலங்கினார்.

மத்தியானம் கணவர் சாப்பிட வராததால், மனைவி மூச்சிரைக்க மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி படத்தைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அது நான்தானே?"

"உன் தம்பி..."

"கல்யாணக் கோலத்துல என்னைக் கொண்டுபோய் அந்த வக்கீல் தலைமேலயா வச்சிருக்கீங்க?"

"அம்மா, அதைத்தான் நானும் காலையிலேர்ந்து கேக்கறேன்," என்றார் வக்கீல் பரிதாபமாக.

அவளும் எண்ணத் தொடங்கினாள். திட்டிக்கொண்டே எண்ணினாள். வெயில் தாழ்ந்து, முதலாளியம்மா வரும் நேரம் நெருங்கியபோது, படத்தின் வலது கீழ் மூலைக்குக் குனிந்தாள். அங்கே ஒட்டியிருந்த டேப்பைச் சர்ரென்று கிழித்தாள். டேப்புக்கு அடியில், பதினான்காவது நிமிடத்தின் கடைசி முனையில், திருதிருவென்று முழித்துக்கொண்டு ஒரு தலை இருந்தது.

"இந்த முழி எனக்குத் தெரியாதா? இவர்தான்!"

மேலாளரின் தலை. தன் கையாலேயே அதன்மேல் டேப் ஒட்டியிருந்தார்.

"இருநூறு!" என்று டீச்சர் கூவினாள். பிள்ளைகள் விசில் அடித்தார்கள். பல் டாக்டர் வக்கீலைக் கட்டிக்கொண்டார். வக்கீலும் தன்னை மறந்து கைதட்டினார். டீக்கடைக்காரர் இந்தத் தடவை சந்தோஷத்தில் கண்கலங்கினார்.

அந்த ஆரவாரத்தின் நடுவே முதலாளியம்மா உள்ளே வந்தார்.

கூட்டம் சட்டென்று அடங்கியது. அவர் சுவரைப் பார்த்தார். ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். மனைவி மேலாளரின் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கட்டி வைத்த பெட்டி கட்டியபடியே மேலே இருந்தது.

"எல்லாரும் இருக்கீங்க. நல்லதாப் போச்சு," என்றார் முதலாளியம்மா, ஈயின் ரீங்காரம் போல. "இன்னிக்கு லிப்டைப் பத்தி யாருக்கு என்ன குறை? பயப்படாம சொல்லுங்க."

மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார்.



"டாக்டர்?"

"எனக்குக் குறை இருக்கு. என் நர்ஸ் மூணு தடவை..."

"லிப்டைப் பத்திக் கேட்டேன்."

"லிப்டா?" பல் டாக்டர் மறந்துபோன ஏதோ ஒரு சொந்தக்காரரைப் பற்றி யாரோ விசாரித்தது போல யோசித்தார். "லிப்டுக்கு என்ன? ஒண்ணும் இல்லையே."

"வக்கீல் சார்?"

"லிப்டைப் பத்தி இன்னிக்கு எனக்கு ஒரு புகாரும் இல்ல மேடம். எழுதி வேணும்னாலும் தர்றேன். என் தலையை மட்டும் பதின்மூணாவது நிமிஷத்துலேர்ந்து எடுக்கச் சொல்லுங்க."

டீச்சரும் குறையில்லை என்றாள். பிள்ளைகளும் இல்லை என்று தலையாட்டினார்கள். மேலாளர் ஒரு கண்ணைத் திறந்தார். முதலாளியம்மாவின் முகத்தில், அந்தக் கட்டடம் கட்டிய நாளிலிருந்து யாரும் பார்த்திராத ஒரு புன்னகை இருந்தது.

"ஆச்சரியமா இருக்கு," என்றார். அவர் குரல் முதல் தடவையாக எல்லாருக்கும் கேட்டது. "திங்கட்கிழமை கதவை உதைச்சவங்க வெள்ளிக்கிழமை புகாரே இல்லைங்கறாங்க. ஒரே வாரத்துல இந்தக் கிழட்டு லிப்டை இப்படி ஓட வச்சிருக்கியே! நாற்காலியும் உனக்குத்தான், வீடும் உனக்குத்தான். நீ இருக்கிற வரைக்கும் இருந்துக்கோ. எல்லாரும் கேட்டுக்கோங்க, நான் சொன்னா சொன்னதுதான்."

மனைவி சட்டைக் கையை விட்டாள். மேலாளர் கையைக் கூப்பினார். கூட்டம் மறுபடி கைதட்டியது.

"வா, அதுல நானும் ஒரு தடவை மேல போய்ப் பாக்கறேன்," என்று முதலாளியம்மா லிப்ட் பொத்தானை அமுக்கினார்.

அப்போது வாசலில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு, லிப்ட் கம்பெனியின் பழுப்புச் சீருடை போட்ட மெக்கானிக் ஒருவர், கம்பிகள் தொங்கும் ஓர் இரும்புப் பெட்டியைத் தோளில் சுமந்தபடி உள்ளே வந்தார். பெட்டியை லிப்ட் வாசலில் இறக்கி வைத்து, நெற்றி வியர்வையை வழித்துவிட்டு, மேலாளரைப் பார்த்து ரொம்பப் பணிவாகச் சொன்னார்:

"மன்னிச்சுக்கோங்க சார், விடியக்காலையில நீங்க வெளியே போயிருந்தப்ப ரிப்பேருக்குக் கழட்டிட்டுப் போன லிப்ட் கன்ட்ரோல் பெட்டி இப்பதான் ரெடியாச்சு. நாள் முழுக்க லிப்டே இல்லாம எல்லாரும் ரொம்பத் திண்டாடியிருப்பாங்களே, யாரும் உங்களை ஒண்ணும் சொல்லலையா?"